விடுகை வருட வகுப்பு மலர்: உங்களை இன்னும் விடாத நண்பர் சித்திரம் எது?

பழந்தாள்

வகுப்பு மலர் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உயர்தர (ஏ.எல்.) சோதனைக்குச் சில கிழமை முன், சோஷல் என்கிற பிரியாவிடை விருந்தன்று, கட்லட்டும் ஓரேஞ் பார்லியும் வருவதற்கு முதல் கைக்குக் கை போகிற, ஸ்ரென்சில் வெட்டி எந்திரத்தில் உருட்டியெடுத்த அந்த றோனியோப் பிரதி. அதிபரின் ஆசியுரை, பொறுப்பாசிரியர் உரை, இரண்டு மூன்று கவிதை எல்லாவற்றையும் புரட்டித் தள்ளிவிட்டு நடுவில் இருக்கிற, வகுப்புத் தோழர் ஒவ்வொருவரையும் பற்றி இன்னொருவர் எழுதிய நண்பர் சித்திரங்களுக்கு நேரே வாருங்கள்.

கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கணித வகுப்பு ஒன்றின் மலர், எழுபதுகளின் தொடக்கம். ஒரு பையனைப் பற்றிப் பத்து வரிதான். மடக்கை வாய்பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடி நேரம் போகக்கூடாதென்று இ.போ.ச. பஸ் டிக்கெட்டைக் கிழித்து அடையாளம் வைப்பானாம்: மடக்கைக்கு ஒன்று, முரண்மடக்கைக்கு ஒன்று, சைனுக்கும் தாஞ்சனுக்கும் ஒவ்வொன்று. யாராவது இரவல் கேட்டால், டிக்கெட் நழுவாமல் புத்தகத்தின் மேல் விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தபடி நீட்டுவானாம். அவ்வளவுதான் சித்திரம். நல்லவன், அமைதியானவன், கெட்டிக்காரன் என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் அந்த இரண்டு விரலைப் படித்தவர்களுக்கு அவனை வேறெவரோடும் மாற முடியாது.

இது தற்செயலாக வருவதில்லை. எழுதுகிற முறையிலேயே இருக்கிறது. பெயர்களைச் சீட்டில் எழுதிச் சோக்குப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்குவார்கள். தன் பெயர் வந்தால் திரும்பப் போட வேண்டும். ஒரே வாங்கில் இருக்கிறவனின் பெயர் வந்தாலும் திரும்பப் போட வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் உயிர்நாடி. பக்கத்தில் இருக்கிறவன் எழுதினால் புகழ்ச்சி வரும், அல்லது இரண்டு பேருக்கு மட்டும் விளங்குகிற பகிடி வரும். நாலு வாங்கு தள்ளி இருக்கிறவனால் கண்ணால் கண்டதை மட்டுமே எழுத முடியும்.

இடமும் கட்டுப்படுத்தியது. ஆளுக்கு அரைப்பக்கம். தமிழை ஒன்றரை இடைவெளியில் அடிக்காவிட்டால் மேல்வரி எழுத்துகளின் வால் கீழ்வரிப் புள்ளிகளோடு முட்டும். அப்படி அடித்தால் பூல்ஸ்கேப் தாளில் மேலும் கீழும் ஓரம் விட்டபின் பக்கத்துக்கு 44 வரி அளவில்தான் நிற்கும், ஆளுக்கு 22. அதில் பெயரும் தலைப்பும் இரண்டு வரியைத் தின்னும். 40 பேர் உள்ள வகுப்பென்றால் 20 பக்கம், 20 ஸ்ரென்சில். ஒருவருக்கு ஒரு வரி கூடினால் அடுத்தவருடையது கிழிந்து வெளியே போகும். ஆகையால் அடைமொழிகளைத்தான் முதலில் வெட்டினார்கள்.

உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள்.

கெஸ்ரெற்னர்

பழந்தாள் சொன்ன காலத்து மலர்தான், ஊர் கொட்டாஞ்சேனை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து அதற்குப் பதிலாக நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்த பையன் ஒருவன். எழுத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சித்திரத்தின் ஓரத்தில் அந்தக் கண்ணாடியை மட்டும், முகம் இல்லாமல், கீறியிருக்கிறார்கள். நூலின் முடிச்சுக்கூடத் தெரிகிறது. ஸ்ரென்சிலில் இப்படி ஒரு முடிச்சைக் கீறுவது என்ன வேலையென்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் படத்தின் அருமை தெரியும்.

ஸ்ரென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். பின்னால் தடித்த தாள், நடுவில் கார்பன். ரைப்ரைட்டரில் ரிபன் மேலே எழும்பாதபடி நெம்பை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் அச்செழுத்து நேராக மெழுகில் அடித்து வெட்டும். தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கரைச்சல். வ, ன, ண எல்லாவற்றிலும் மூடிய சுழி இருக்கிறது. பலமாக அடித்தால் சுழிக்குள் இருக்கிற மெழுகுத் துண்டு அப்படியே கழன்று விழும்; அச்சில் அந்த இடம் கறுப்புப் பொட்டாக வரும். மெதுவாக அடித்தால் கோடு வெட்டுப்படாது, எழுத்து பாதிதான் வரும். முற்றுப்புள்ளியையும் மெய்யெழுத்துப் புள்ளியையும் மற்றதைவிட மென்மையாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை. இரண்டு ஸ்ரென்சிலுக்கு ஒரு தடவையாவது பிரஷ் போட்டு அச்செழுத்துகளில் ஒட்டிய மெழுகை எடுக்காவிட்டால் மூன்றாவது பக்கம் மங்கிவிடும்.

படம் கீறுவது ரைப்ரைட்டரில் நடக்காது. ஸ்ரென்சிலைக் கண்ணாடித் தட்டில் வைத்து, கீழே ஒரு விளக்கைக் கொழுத்தி, உருண்டை முனை உள்ள ஊசிப் பேனையால் கீற வேண்டும். கோடு ஒன்றை ஒன்று வெட்டுகிற இடத்தில்தான் தாள் கிழியும். முடிச்சு என்றால் முழுக்க வெட்டுகிற கோடுகள். கீறியவர் ஒவ்வொரு கோட்டையும் மற்றக் கோட்டைத் தொடுவதற்கு மயிரளவு முன்னே நிறுத்தியிருக்கிறார். கண்ணாடி வில்லை வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி தெரியும். வகுப்புத் தோழன் ஒருவனின் கண்ணாடி நூலுக்காக இவ்வளவு பொறுமை.

எழுத்துப் பிழைக்குச் செந்நிறத் திருத்து திரவம். பிழைவிட்ட இடத்தை வழவழப்பான கிளிப் முனையால் முதலில் தேய்த்து மூட வேண்டும், பிறகு மெல்லிய பூச்சு, ஒரு நிமிடமாவது காயவிட வேண்டும், பிறகு வழமையைவிடச் சற்றுப் பலமாக அடிக்க வேண்டும். காயமுன் அடித்தால் எழுத்தோடு பூச்சு ஒட்டிக்கொண்டு வரும். மலர்களில் ஒரு பெயர் மட்டும் தடித்தோ மெலிந்தோ நின்றால், அங்கே முதலில் அடித்ததைத் திருத்தியிருக்கலாம்.

வெள்ளவத்தை வாசகி

பழந்தாள் அண்ணா, சீட்டுக் குலுக்கினால்தான் நல்ல சித்திரம் வரும் என்பதை ஏற்க முடியாது. பெண்கள் பாடசாலைகளில் பெரும்பாலும் குலுக்கவில்லை. ஒரே வாங்கில் இருந்தவள்தான் எழுதினாள். அதனால் குறைந்துபோன ஒன்றும் இல்லை.

உயிரியல் பிரிவு வகுப்பு ஒன்று, எழுபதுகளின் நடுப்பகுதி. றோனியோ இல்லை, கையெழுத்துப் பிரதி, ஒரேயொரு படி. சி.ஆர். கொப்பி என்கிற பெரிய கொப்பியில் எழுதி, மேலே நீலச் சட்டைத்துணியால் அட்டை கட்டியது. விலங்கியல் செய்முறைக்குக் கரப்பான் வெட்டும்போது மெழுகுத் தட்டில் குத்துகிற குண்டூசிகளை ஒருத்தி தன் தாவணி ஊசிப் பெட்டியிலிருந்து எல்லோருக்கும் கொடுப்பாளாம். வேலை முடிந்ததும் திரும்ப எண்ணி வாங்குவாளாம். ஒன்று குறைந்தால் வாங்குக்குக் கீழே குனிந்து தானே தேடுவாளாம், அடுத்த வகுப்புப் பிள்ளை வெறுங்காலோடு வந்தால் குத்துமென்று. அந்தக் கடைசிக் காரணத்தை நாலு வாங்கு தள்ளி இருந்தவளால் எழுதியிருக்க முடியுமா? குனிந்து தேடுவதை எல்லோரும் கண்டிருப்பார்கள். காரணம் பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கையெழுத்து மலரில் பொறுப்பு அதிகம். பிழைவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மாற்ற முடியாது, ஏனென்றால் கொப்பியின் ஒரு தாளைக் கிழித்தால் தையலுக்கு மறுபக்கம் இருக்கிற தாளும் கழன்று வரும். அதனால் முதலில் பூல்ஸ்கேப்பில் வரைவு, பிறகு பென்சிலால் மெல்லிய கோடு, பிறகு மை. அழகான கையெழுத்துக்காரிகள் இரண்டு பேரைப் பிடித்து எல்லாவற்றையும் எழுதுவிப்பது ஒரு வழி. ஒவ்வொருத்தியும் தன் கையாலேயே எழுதுவது மற்ற வழி. இரண்டாவதே மேல். இன்று பார்க்கும்போது அந்தச் சித்திரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், எழுதப்பட்டவள் ஒருத்தி, எழுதியவளின் கை மற்றது.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவினால் போகிற றோயல் புளூ மைதான் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்தது, வெள்ளைச் சட்டையில் பட்டாலும் போய்விடும் என்பதால். அதே காரணத்தால் ஒரு மழைத்துளி பட்ட சித்திரங்கள் போய்விட்டன. இரும்புச் சத்துள்ள நீலக்கறுப்பு மையால் எழுதிய பக்கங்கள் தாள் நனைந்து காய்ந்த பிறகும் வாசிக்க முடிகிறது. 83 யூலை இனக்கலவரத்துக்குப் பிறகு பாதி எரிந்த வீடுகளிலிருந்து எடுத்த கொப்பிகளில் நெருப்புக்குத் தப்பியதைத் தண்ணீர் அழித்திருப்பதைக் காணலாம்.

ஈயெழுத்து

றோனியோவும் கையெழுத்தும் நல்லதுதான். ஆனால் அச்சில் வந்த மலர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கொழும்பில் அச்சகம் இல்லாத மூலை எது? விளம்பரம் சேர்க்கத் தெரிந்த வகுப்பென்றால் அச்சுக்குத்தான் போனார்கள். பின்னட்டைக்கு நகைக்கடை, உள்ளட்டைக்குப் புடவைக்கடை, நடுவில் ரியூட்டரிகளின் (தனியார் ரியூசன் வகுப்புகளின்) கால்பக்க விளம்பரங்கள். ரியூட்டரி விளம்பரத்தின் பணத்தில்தான் சித்திரங்களுக்குப் புளொக் செய்வது.

என்னை விடாதது ஒரு முகம். எண்பதுகளின் தொடக்கத்து வர்த்தகப் பிரிவு மலர். பக்கத்துக்கு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் முத்திரையளவு படம், வலப்பக்கம் எழுத்து. ஒரே ஒருவனின் படம் மட்டும் முழுக்கக் கறுத்து, பல் மட்டும் தெரிகிறது. அவனைப் பற்றிய சித்திரம் முழுவதும் அவன் சிரிப்பைப் பற்றியதுதான்: வகுப்பில் யாருக்கு அடி விழப்போகிறதென்றாலும் முதலில் சிரித்து ஆசிரியரின் பார்வையைத் தன் பக்கம் இழுத்துவிடுவானாம்.

ஏன் கறுத்தது? புளொக் என்பது துத்தநாகத் தகட்டில் புள்ளி புள்ளியாக அமிலத்தால் அரித்த படம். புள்ளியின் நெருக்கத்தைத் தாளுக்கு ஏற்றபடி கேட்க வேண்டும். சொரசொரப்பான தாளென்றால் அங்குலத்துக்கு 65 கோடு போதும். வழவழப்பான ஆர்ட் தாளென்றால் 120 போகலாம். 120 கோட்டுப் புளொக்கைச் சாதாரணத் தாளில் அடித்தால் புள்ளிகளுக்கிடையே மை நிறைந்து முகம் கரிந்துவிடும். மற்ற எல்லோருக்கும் புதுப் புளொக் செய்தவர்கள், இவனுடையதை வேறேதோ ஆர்ட் தாள் வெளியீட்டுக்குச் செய்த பழைய புளொக்கிலேயே அடித்திருக்கிறார்கள் என்பது பக்கத்தைப் பார்த்தாலே விளங்குகிறது. அளவும் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிது.

அச்சில் இன்னொரு சங்கடம் உண்டு. சிறிய அச்சகங்களிடம் எட்டுப் பக்கத்துக்கு மேல் கோர்க்க எழுத்து இராது. எட்டுப் பக்கம் கோர்த்து, புரூஃப் பார்த்து, அடித்து, எழுத்தைப் பிரித்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் அடுத்த எட்டு. ஆகவே முதல் தொகுதியில் வந்தவனைப் பற்றிப் பிறகு எதையும் மாற்ற முடியாது. மொத்தப் பக்கமும் எட்டின் மடங்காக, குறைந்தது நாலின் மடங்காக இருக்க வேண்டும். கடைசித் தொகுதியில் ஆள் மிஞ்சினால் சித்திரம் சுருங்கும், பக்கம் மிஞ்சினால் நீளும். அகரவரிசையில் கடைசியாக வருகிற வ, ஸ, ஹ பெயர்க்காரர்களின் சித்திரங்கள் சில மலர்களில் ஆறு வரியாகவும் சிலவற்றில் ஒரு பக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் அன்பின் அளவு அல்ல, பக்கக் கணக்கு. பழைய மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு வரி கிடைத்தவர் இன்றுவரை மனத்தாங்கலோடு இருக்கலாம்.

எழுத்து வடிவத்தையும் கவனியுங்கள். ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபிறகும் இலங்கை அச்சகங்கள் தங்களிடம் இருந்த ஈய எழுத்துகளை வைத்தே அடித்தன. ஆகவே பழைய 'லை'யைக் கண்டவுடன் 78க்கு முந்தியதென்று ஆண்டு போட்டுவிடாதீர்கள்.

கொழும்பு-13

சின்னதாக ஒன்று. குழுப்படத்தின் கீழே அச்சடித்த அட்டையில் 'இருப்போர்', 'நிற்போர் முதலாம் வரிசை', 'நிற்போர் இரண்டாம் வரிசை' எல்லாம் இடமிருந்து வலமாக வந்தபிறகு, கடைசியில் 'சமுகமளிக்காதோர்' என்று ஒரு வரி வரும். ஒரு வகுப்பில் அந்த வரியில் ஒரேயொரு பெயர். மலரைத் திறந்தால் எல்லோரையும்விட நீளமான சித்திரம் அந்தப் பெயருக்குத்தான். தோற்றம் முழுக்க எழுத்தில்: உயரம், முன்வகிடு, இடக்கை மணிக்கூடு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. படத்தில் இல்லாதவனுக்கு எழுத்தால் படம் பிடித்திருக்கிறார்கள். இதற்குப் பக்கக் கணக்குக் காரணமில்லை ஈயெழுத்து ஐயா, அவன் பெயர் 'க'வில் தொடங்குகிறது.

மருதானை

றோனியோ எந்திரம் எல்லாப் பாடசாலையிலும் இருக்கவில்லை. இருந்தாலும் கந்தோரில் பூட்டிக் கிடக்கும், சோதனைத் தாளுக்கு மட்டும் திறப்பார்கள். அப்ப என்ன செய்தாங்க? ஜெலற்றின் தட்டு. ஊதா நிறத்தில் வருகிற மலர்களைக் கண்டிருப்பீங்க.

நான் சொல்ல வந்த சித்திரம் அப்படி ஊதாவில் வந்த ஒன்று. நோன்பு நாட்களில் பின்னேர வகுப்பு முடியிற நேரத்தை நிழலைப் பார்த்துச் சொல்லுற ஒரு பிள்ளை. மணிக்கூடு கட்டாதவன். யன்னல் கம்பியின் நிழல் மூன்றாவது வாங்கின் காலைத் தொட்டால் இன்னும் எவ்வளவு நேரமென்று சொல்லுவானாம். எழுதியவர் அந்த நிழலையும் வாங்கையும் கீறிக் காட்டியிருக்கார். இப்ப கோடுகள் அரைவாசிதான் மிச்சம்.

செய்முறை தெரியாதவங்களுக்கு: ஓர் அவுன்ஸ் ஜெலற்றினைக் குளிர்ந்த தண்ணியில் இரவு முழுக்க ஊறவிட்டு, மிச்சத் தண்ணியை ஊத்திவிட வேணும். ஆறு அவுன்ஸ் கிளிசரினை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிதண்ணிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துச் சூடாக்கி, ஊறின ஜெலற்றினைப் போட்டுக் கரைக்கணும். நுரை வராமல் மெதுவாகக் கிண்டணும். பிஸ்கட் ரின் மூடி மாதிரி ஆழமில்லாத தட்டில் ஊத்தி, மேலே வருகிற குமிழை ஒரு கடதாசி விளிம்பால் ஓரத்துக்குத் தள்ளிவிடணும். ஒரு குமிழ் நின்றாலும் அந்த இடத்தில் எழுத்து விழாது. இறுகினபிறகு, படியெடுக்கிறதுக்கான ஊதாக் கொப்பிப் பென்சிலாலோ அதற்கான மையாலோ எழுதின மூலத்தாளை முகம் கீழே பார்க்க வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி எடுத்தால் எழுத்து இடம்வலம் மாறித் தட்டில் இறங்கியிருக்கும். பிறகு வெறுந்தாளை வைத்து வைத்து எடுக்கிறதுதான். 40, 50 படி வரும், பின்னால வாறதெல்லாம் வெளிறல். வகுப்பில் 45 பேர் என்றால் கடைசி ஐந்து பேருக்குக் கிடைச்சது வாசிக்க ஏலாத மலர். அடுத்த பக்கத்துக்கு ஒரு நாள் காத்திருக்கணும், பழைய மை அடியில் இறங்கும்வரை.

கொழும்பு வெக்கையில் மத்தியானம் இந்த வேலை செய்ய ஏலாது. ஜெலற்றின் இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்திடும். விடியக்காலையிலதான் செய்யணும்.

ஊதாச் சாயம் வெளிச்சத்தில் போயிடும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினவர்களின் மலர் வெறுந்தாளாப் போச்சு. பெட்டிக்குள் மறந்து கிடந்ததுதான் தப்பிச்சது.

ஈரக்காற்று

ஒரு மலரில் சித்திரம் ஒன்றின்மேல் யாரோ செலோரேப் ஒட்டியிருந்தார்கள், கிழிந்த இடத்தைக் காக்க. ரேப் பழுத்து மண்ணிறமாகி, சரியாக அந்தப் பிள்ளையின் பெயரை மூடிவிட்டது. கீழே இருக்கிற வரிகளில் அவள் பாடசாலை மணியை அடிக்கிற பியோனுக்கு ஒவ்வொரு வெள்ளியும் வீட்டிலிருந்து மோதகம் கொண்டுவருவாள் என்பது வரை வாசிக்கலாம். யாரென்று மட்டும் தெரியாது.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீண்டநாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பில் அது வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேயே நிற்கிறது. மலரைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டாதீர்கள், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. இறுக மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டியில் வைப்பதென்றால் சிலிக்கா ஜெல் கூடவே வைத்து, நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும். அதைச் செய்ய முடியாதவர்கள் சாதாரண மட்டைப் பெட்டியில், காற்று ஓடுகிற மேல்தட்டில் வைப்பதே நல்லது. கற்பூர உருண்டை இராமபாணப் பூச்சியைத் துரத்துமென்று நேரே தாள்மேல் வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஸ்ரேப்பிள் பின். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, பின் இருக்கிற இடத்தைச் சுற்றித் தாளை அரித்துவிடும். முள்ளுக்கரண்டியால் நெம்பாதீர்கள். பின்பக்கத்து இரண்டு காலையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, முன்பக்கமாக நேரே இழுத்து எடுங்கள். திரும்பக் கட்டுவதென்றால் அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூல்.

மூன்றாவது, தாள். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்து மலர் பலதும் வாழைச்சேனை ஆலைக் கடதாசி. வைக்கோல் கூழில் செய்தது, மண்ணிறத் துகள் தெரியும். மடித்த இடத்தில் முறியும். மடிப்பை விரித்து மறுபக்கம் மடிக்கவே கூடாது. 77க்குப் பிறகு வந்த வெள்ளைத் தாள் இவ்வளவு மோசமில்லை.

லமினேற் பண்ணாதீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் பண்ணாதீர்கள். சூட்டில் தாளோடு ஒன்றிப்போன பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற வழியில்லை. கண்ணாடியோடு ஒட்டிப்போன குழுப்படங்களையும் உரிக்காதீர்கள். படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, பளபளப்பு விழாதபடி இரண்டு பக்கத்திலிருந்தும் சரிந்த வெளிச்சம் கொடுத்துப் படம் பிடியுங்கள்.

ஸ்கான் பண்ணும்போது எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (dpi), படமுள்ள பக்கத்துக்கு 600. கறுப்பு வெள்ளையில் வேண்டாம், வண்ணத்தில். பிறகு பாடசாலை, ஆண்டு, பிரிவு மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் வெளியீடுகளை எண்ணிமமாக்கி வருகிறது, பாடசாலை மலர்களும் அங்கே நிறைய இருக்கின்றன. அச்சகத்தில் அடித்தவை ஒருவேளை சட்டப்படி சுவடிகள் திணைக்களத்துக்குப் போயிருக்கலாம். றோனியோவும் கையெழுத்தும் உங்கள் அலுமாரியை விட்டால் வேறெங்கும் இல்லை.

பழந்தாள்

ஈரக்காற்று சொன்னது எல்லாம் சரி, பின்னைக் கழற்றுவது தவிர. கழற்றுமுன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்மையான பென்சிலால் இலக்கம் போட வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். றோனியோ மலர்களில் பாதிக்குப் பக்க இலக்கம் கிடையாது. சித்திரங்கள் அகரவரிசையில் இல்லாமல் வாங்கு வரிசையில் போன மலர்கள் உண்டு: முன்வரிசை யன்னலோரம் தொடங்கிப் பின்வரிசைக் கதவோரம் முடியும். தாளை மாற்றி அடுக்கினால் முழு வகுப்பறையும் இடம் மாறிவிடும். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்கு வேறு பதிவு இல்லை.

வெள்ளவத்தை வாசகிக்கு: குண்டூசிக் காரணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனாலும் பக்கத்து வாங்கு எழுதிய சித்திரங்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஒருத்தி குண்டூசியைக் கண்டாள். மற்றப் பத்துப் பேர் 'என் உயிர்த்தோழி, பண்பின் உறைவிடம்' என்று தொடங்கி அங்கேயே முடித்துவிட்டார்கள். விதி வைப்பது அந்தப் பத்துப் பேருக்காக.

வெள்ளவத்தை வாசகி

பத்துப் பேரில் பாதியாவது 'பண்பின் உறைவிடம்' என்று எழுதினார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதைப் பொறுப்பாசிரியர் திருத்திய மலர்களில்தான் கூடுதலாகக் காணலாம். மிஸ்மாரின் சிவப்புப் பேனை பட்டப்பெயர்களை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இப்படியான சொற்களை வைத்தது.

பட்டப்பெயர் என்றதும் ஒரு விசயம். ஸ்கான் பண்ணச் சொல்லி, எல்லோரும் பார்க்கிற நூலகம் நிறுவனத்தையும் ஈரக்காற்று காட்டுகிறார். அந்தச் சித்திரங்கள் 40 பேருக்காக எழுதப்பட்டவை. அதில் பட்டப்பெயர் இருக்கிறது, யார் யாரைப் பார்த்தார்கள் என்று சாடை இருக்கிறது, வீட்டுக் கஷ்டம் இருக்கிறது. எழுதப்பட்டவருக்கு இன்று பேரப்பிள்ளை இருக்கும். கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஸ்கானை வைத்திருங்கள், பொதுவில் விடாதீர்கள்.

கண்டுபிடிக்க வழி மலரிலேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்து முகவரிப் பட்டியல். அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு பிரதியில் ஒரு பெயருக்கு நேரே அச்சில் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்று. அது பேனையால் வெட்டப்பட்டு மேலே யாழ்ப்பாணத்து ஊர் ஒன்று. அதுவும் வெட்டுப்பட்டு ஓரத்தில் பென்சிலால் சென்னை, கோடம்பாக்கம். பிறகு இடமில்லாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கனடாவின் அஞ்சல் குறியீடு மட்டும். மலரை வைத்திருந்தவர் அந்தத் தோழியைப் பற்றி எழுதிய சித்திரம் இருபது வரி. அந்த நாலு முகவரியையும் அதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அன்பாக எழுதினார்கள் என்பதற்கு அடைமொழி வேண்டியதில்லை, இடம் மாற இடம் மாற விடாமல் குறித்து வந்திருக்கிறாளே, அது போதும்.

கெஸ்ரெற்னர்

முகவரிப் பக்கத்தை ஸ்கானரில் போடுமுன் ஒன்று. பென்சில் எழுத்து ஸ்கானரின் நேர் வெளிச்சத்தில் மினுங்கி மறைந்துவிடும். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் தாளோடு ஒட்டப் படுத்துவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் ஓடும்படி கமராவால் எடுங்கள். அழித்த பென்சிலின் அழுத்தமும் பள்ளமாகத் தெரியும். ஒரு தடவை இடப்பக்கமிருந்து, ஒரு தடவை மேற்பக்கமிருந்து. ஒரு திசையில் மறைகிற கோடு மற்றத் திசையில் எழும்பும்.

பின்பக்கத்தையும் எடுங்கள். றோனியோ மை எண்ணெய் மை, நீரில் கரையாது, நிறமும் போகாது, ஆனால் உறிஞ்சாத தாளில் அடித்திருந்தால் அதன்மேல் கிடந்த தாளின் முதுகில் ஒட்டியிருக்கும். முன்பக்கம் கிழிந்துபோன சித்திரத்தின் சில வரிகள் மேலே கிடந்த தாளின் முதுகில் கண்ணாடி விம்பமாக இருக்கக்கூடும். கணினியில் இடம் வலம் திருப்பினால் வாசிக்கலாம். ஈரக்காற்று சொன்ன அந்த மோதகப் பிள்ளையின் பெயரையும் அப்படித் தேடிப் பாருங்கள். ரேப் ஒட்டியிருப்பது முன்பக்கத்தில்தானே. அந்தப் பக்கத்துக்கு முந்திய தாளின் பின்புறத்தை 600இல், வண்ணத்தில், மாறுபாட்டைக் கூட்டி எடுத்து இங்கே போடுங்கள். பெயரை மறைத்துப் போட்டாலும் சரி, வரி எந்த உயரத்தில் விழுகிறதென்று நான் சொல்லுகிறேன்.